பதிவு எப்போது முடிகிறது? டாக் டாக் இசைக்குழுவும் மூன்று மாதக் கெடுவும்

எதைப் பற்றிய ஆய்வு இது

லண்டனைச் சேர்ந்த டாக் டாக் என்ற ராக் இசைக்குழு 1981இல் தொடங்கி 1991இல் தன் கடைசி இசைத்தட்டை வெளியிட்டது. பத்தே ஆண்டுகள், ஐந்து தட்டுகள். முதல் தட்டையும் கடைசித் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் இரண்டும் ஒரே குழுவினுடையவை என்று எளிதில் நம்பமாட்டார். நடனக் கூடங்களுக்கான சிந்தசைசர் (ஒலிகளை மின்னணு முறையில் உருவாக்கும் விசைக்கருவி) பாட்டில் தொடங்கியவர்கள், ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் மௌனத்தை உட்காரவைக்கும் இசையில் வந்து நின்றார்கள்.

நான் ஆராய்வது அந்தப் பயணத்தின் நடுவே, 1987க்கும் 1992க்கும் இடையில் குழுவுக்கும் அதன் தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கும் நடந்ததை. ஒரு படைப்பு முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருடையது என்ற கேள்வி அங்கே நீதிமன்றம்வரை போனது. இசை, எழுத்து, ஓவியம் என்று எதையாவது செய்து அதை ஒரு நிறுவனத்தின் பணத்தில் வெளியிடும் எவருக்கும் இது பயன்படும் என்பதால் விரிவாகவே பதிவு செய்கிறேன். குழுவினர் பொதுவெளியில் அறியப்பட்டவர்கள்தான். இருந்தாலும் பாடகர், தயாரிப்பாளர், மேலாளர் என்று பொறுப்பை வைத்தே அவர்களைக் குறிப்பிடுகிறேன். அப்போதுதான் கவனம் ஆட்களை விட்டு முடிவுகளின்மேல் இருக்கும்.

பின்னணி: கையில் காசு இல்லாதபோது சிந்தசைசர்

குழு தொடங்கியபோது நால்வர் இருந்தார்கள்: பாடகர், பேஸ் கிதார் கலைஞர், டிரம்ஸ் கலைஞர், விசைப்பலகைக் கலைஞர். இ.எம்.ஐ. அவர்களை ஒப்பந்தம் செய்தது. அதே நிறுவனத்தில் அப்போது புகழேறிக்கொண்டிருந்த டுரான் டுரான் குழுவுடன் பணியாற்றிய தயாரிப்பாளரிடமே இவர்களின் முதல் தட்டும் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழுவின் நிகழ்ச்சிகளில் தொடக்கக் கச்சேரி செய்யவும் இவர்கள் அனுப்பப்பட்டார்கள். இரண்டு பெயர்களும் ஒரு சொல்லை இருமுறை சொல்பவை. ஒப்பிட்டுப் பேசப் பத்திரிகைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

1982இல் வந்த 'தி பார்ட்டிஸ் ஓவர்' ஓரளவு விற்றது. அதிலிருந்து வந்த 'டுடே' என்ற சிங்கிள் (தனியாக வெளியிடப்படும் பாடல்) பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம்வரை ஏறியது. பாடகருக்கு சிந்தசைசர்மீது பிரியம் கிடையாது. உண்மையான வாத்தியக்காரர்களை அழைக்கப் பணம் இல்லாததால்தான் அதைப் பயன்படுத்தியதாகப் பின்னாளில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். குழுவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் மிக அவசியம் என்று கருதுகிறேன். பின்னால் அவர்கள் திசை மாறிவிட்டதாகப் பலர் எழுதினார்கள். போக வேண்டிய திசை தொடக்கத்திலிருந்தே பாடகரின் மனத்தில் இருந்தது, அதற்கான வசதி பிறகுதான் வந்தது என்பதே என் எண்ணம். அவர் விரும்பிக் கேட்டவை ஜாஸ் கலைஞர்கள் மைல்ஸ் டேவிஸ், கில் எவன்ஸ், பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி போன்றோரின் இசை.

1983இல் விசைப்பலகைக் கலைஞர் விலகினார். அந்த இடத்துக்குப் புதிதாக எவரும் உறுப்பினராகச் சேர்க்கப்படவில்லை. ஒரு புதிய தயாரிப்பாளர் வந்து, விசைப்பலகை வாசித்து, பாடகரோடு சேர்ந்து பாடல்களையும் எழுதத் தொடங்கினார். கடைசிவரை அவர் பெயரளவில் வெளியாளாகவே இருந்தார். ஆனால் 1984க்குப் பிறகு வந்த எல்லா இசையிலும் அவர் கை பாதி.

கவனித்தது: ஒவ்வொரு வெற்றியும் சுதந்திரமாக மாற்றப்பட்டது

1984இல் வந்த 'இட்ஸ் மை லைஃப்' பிரிட்டனில் பெரிதாகப் போகவில்லை. ஐரோப்பியக் கண்டத்தில் நிலைமை வேறு. அதிலிருந்த 'சச் எ ஷேம்' இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் பெரும் வெற்றி பெற்றது. தலைப்புப் பாடல் அமெரிக்காவில் 31ஆம் இடத்தைத் தொட்டது. அந்த வருமானத்தைக் கொண்டு அடுத்த தட்டில் சிந்தசைசர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆர்கன், பியானோ, கிதார், தாள வாத்தியங்கள் என்று விருந்தினர்களை வரவழைத்தார்கள். 1986இல் வெளிவந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' பிரிட்டனில் 8ஆம் இடம் பிடித்தது. அதன் 'லைஃப்ஸ் வாட் யு மேக் இட்' இன்றும் வானொலியில் ஒலிக்கிறது.

வழக்கமாக வெற்றி பெறும் குழு அடுத்து அதைவிடப் பெரிய அரங்கத்தைத் தேடும். இவர்கள் 1986 சுற்றுப்பயணத்தோடு மேடையை நிறுத்திக்கொண்டார்கள். அதன்பிறகு குழுவாக ஒருபோதும் மேடை ஏறவில்லை. சம்பாதித்த செல்வாக்கு முழுவதையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள்: கூடுதல் பணம், கெடு இல்லாத காலம், வெளியாள் குறுக்கீடு இல்லாத அறை. வெற்றியின் மகிழ்ச்சியில் இருந்த நிறுவனம் கேட்டதைக் கொடுத்தது.

இந்தக் கட்டத்தில் இரு தரப்பும் செய்யத் தவறிய ஒன்று உண்டு. பணமும் காலமும் வரம்பின்றித் தரப்பட்டன. ஆனால் அந்த வரம்பின்மையின் மறுமுனையில் என்ன வந்தால் ஏற்றுக்கொள்ளப்படும் என்று எவரும் பேசவில்லை. இன்னொரு 'கலர் ஆஃப் ஸ்பிரிங்' வரும் என்று நிறுவனம் எதிர்பார்த்திருக்கக் காரணம் இருந்தது. குழுவுக்கு அப்படியொன்றைத் தரும் எண்ணமே இருந்திருக்காது.

முதல் முடிவு: இருட்டில் பதிவு செய்வது

1987இல் வடக்கு லண்டனின் ஹைபரி பகுதியிலுள்ள வெஸ்ஸெக்ஸ் கூடத்தில் வேலை தொடங்கியது. விக்டோரியா காலத்துத் தேவாலய மண்டபம் ஒன்று அங்கே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றப்பட்டிருந்தது. கிங் கிரிம்சன், செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் ஆகிய குழுக்கள் பதிவு செய்த இடம் அது. உயரமான கூரையும் தனக்கென ஓர் எதிரொலியும் கொண்ட அறை.

அங்கே அவர்கள் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது. விளக்குகள் அணைக்கப்பட்டன. வண்ண எண்ணெயை ஒளியில் மிதக்கவிட்டுச் சுவரில் காட்டும் கருவி ஒன்றும், விட்டுவிட்டு மின்னும் ஒரு விளக்கும் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஒலிப்பதிவாளர் நாள்தோறும் மணிக்கணக்கில் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தார். விருந்தினர்களாக வந்த வாத்தியக்காரர்களிடம் எழுதிய இசை எதுவும் கொடுக்கப்படவில்லை. அரையிருட்டில் அமர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் பதிவைக் கேட்டு, தோன்றியதை வாசிக்க வேண்டும். டிரம்பெட், ஓபோ, பஸ்ஸூன், ஹார்மோனிகா, டபுள் பேஸ், வயலின் எனப் பலரும் வந்து போனார்கள். செம்ஸ்ஃபோர்டு பேராலயத்தின் பாடகர் குழுவும் பாடியது.

இப்படி வாசிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. பல மணி நேர வாசிப்பில் சில நொடிகளை மட்டும் எடுத்து, அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் பதிவுக் கருவியின் உதவியால் வேறொரு இடத்தில் பொருத்தினார்கள். ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் விளைவு அத்தனை அந்நியமாக இருக்காது: ஒரு சொற்றொடர் எழுந்து அடங்கும், அடுத்தது வருவதற்கு முன் காத்திருப்பு இருக்கும். ஆனால் ஆலாபனையில் அந்தக் காத்திருப்பு பாடகரின் மூச்சில் அந்தக் கணத்திலேயே பிறக்கிறது. இங்கே அது பல மாதங்கள் வெட்டி ஒட்டிக் கட்டப்பட்டது. வெவ்வேறு நாளில் தனித்தனியே வாசித்தவர்கள் ஒரே அறையில் ஒருவரையொருவர் கேட்டபடி வாசிப்பதாக நாம் நம்பும் அளவுக்கு அந்தத் தையல் நுட்பமானது.

ஒலிவாங்கிகளை வாத்தியத்தின் வாயருகே கொண்டுபோகாமல் தள்ளி வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1980களின் மற்றத் தட்டுகளில் டிரம்ஸ் ஒலி பீரங்கிபோல் முழங்கும். இதில் டிரம்ஸ் ஓர் அறைக்குள் இருக்கிறது, அந்த அறையின் காற்றும் நமக்குக் கேட்கிறது.

மேலாளரும் நிறுவனத்தின் ஆட்களும் கூடத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. இது கர்வத்தால் எடுத்த முடிவு என்று நான் கருதவில்லை. பத்தில் ஒன்பதை அழிக்கப்போகும் ஒருவருக்கு, அழிக்கப்போவதைக் கேட்டு ஒருவர் பாராட்டுவதும் தொந்தரவு, குறை சொல்வதும் தொந்தரவு. கதவைச் சாத்தியதற்குக் கலை சார்ந்த காரணம் வலுவாகவே இருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டு, பணம் கொடுப்பவரின் எதிர்பார்ப்பும் உள்ளே உருவாகும் பொருளும் ஒன்றையொன்று பார்க்காமலே விலகிப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாம் முடிவு: ஒரு பாடலையும் மாற்ற மறுத்தது

1988இல் நிறுவனம் பதிவைக் கேட்டது. 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' என்று பெயரிடப்பட்ட அந்தத் தட்டில் ஆறே பாடல்கள், சுமார் 41 நிமிடங்கள். முதல் பக்கத்திலுள்ள மூன்று பாடல்களும் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீண்ட படைப்பாக ஓடுகின்றன. தொடக்கத்தில் இரண்டு நிமிடங்களுக்கு மேல் பாட்டே இல்லை. தொலைவில் ஒரு டிரம்பெட், மெல்லிய தந்திகள், பிறகு மௌனம், அதன்பின் திடீரென்று ஒரு கிதாரும் கரகரத்த ஹார்மோனிகாவும்.

இது விற்காது என்று நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் கவலைப்பட்டார்கள். ஏதாவது ஒரு பாடலைத் திரும்பப் பதிவு செய்ய முடியுமா, அல்லது வேறொன்றைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். பாடகர் மறுத்தார். தட்டு அப்படியே வெளிவருவதென்று முடிவானது.

நிறுவனம் கேட்டதை நியாயமற்ற கோரிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பணம் போட்டவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் இந்தத் தட்டைக் கேட்ட எவருக்கும் மறுப்பின் காரணம் தெளிவாகவே தெரியும். அதில் மாற்றக்கூடிய பாடல் என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு தூணை எடுத்தால் மண்டபமே சரியும்.

1988 செப்டம்பரில் தட்டு வெளியானது. பிரிட்டனில் 19ஆம் இடம்வரை போனது. முந்தைய தட்டோடு ஒப்பிட்டால் சரிவுதான். இத்தனை மௌனம் கொண்ட தட்டுக்கு அது மதிப்பான இடம் என்றும் சொல்லலாம். விமர்சனங்கள் இரு பக்கமும் வந்தன. சிங்கிள் எதுவும் குழுவின் திட்டத்தில் இல்லை. ஆனாலும் 'ஐ பிலீவ் இன் யு' சுருக்கப்பட்டு சிங்கிளாக வந்தது, அதற்கு ஒரு வீடியோவும் எடுக்கப்பட்டது. அந்த சிங்கிள் 85ஆம் இடத்தைத் தாண்டவில்லை. வீடியோவுக்குச் சம்மதித்ததற்காகப் பாடகர் பின்னர் வருந்தினார்.

சுற்றுப்பயணமும் இல்லை என்று குழு அறிவித்தது. தற்செயலாகப் பிறந்த வாசிப்புகளை மேடையில் அப்படியே நகலெடுக்கச் சொன்னால் அது இசையாக இருக்காது, மக்களோ தட்டில் உள்ளதையே எதிர்பார்ப்பார்கள் என்பது பாடகர் சொன்ன காரணம்.

மூன்றாம் முடிவு: ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவது

குழுவின் மேலாளர் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இ.எம்.ஐ. இந்தக் குழுவுக்கு ஏற்ற நிறுவனம் இல்லை, அடுத்த தட்டுக்கு இவர்கள் பணம் தருவார்கள் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெளியேற வழி தேடியவர்களுக்கு ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து கண்ணில் பட்டது.

இசைத்தட்டு ஒப்பந்தங்களில் ஒரு வழக்கம் உண்டு. கலைஞர் நிறுவனத்தோடு ஒரேயடியாகப் பத்து ஆண்டுகளுக்குக் கட்டுண்டிருப்பதில்லை. ஒரு தட்டு முடிந்ததும் ஒப்பந்தத்தை அடுத்த தட்டுக்கு நீட்டிக்கும் விருப்புரிமை நிறுவனத்தின் கையில் இருக்கும். அதைக் குறித்த காலத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் கலைஞர் விடுதலையாகிவிடுவார். இவர்களின் ஒப்பந்தத்தில் அந்தக் கெடு, தட்டு முடிந்த நாளிலிருந்து மூன்று மாதம்.

நிறுவனம் கடிதம் அனுப்பியது. காலம் கடந்து அனுப்பியது என்றது குழு, பதிவு முடிந்த நாளிலிருந்து எண்ணி. பதிவு தங்களுக்குத் திருப்தி அளித்த நாளில்தான் கெடு தொடங்குகிறது, ஆகவே கடிதம் காலத்தோடுதான் வந்தது என்றது நிறுவனம்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கலைஞர் கையை எடுத்ததும் படைப்பு முடிகிறது என்கிறது ஒன்று. வாங்குபவர் தலையசைத்ததும் முடிகிறது என்கிறது மற்றொன்று. தேதிக் கணக்குபோல் தோன்றும் வழக்குக்குள் இருந்த கேள்வி இதுதான். கூடத்துக்குள் ஓர் ஆண்டு முழுவதும் பாடகர் இன்னும் முடியவில்லை என்று அழித்துக்கொண்டே இருந்தார். எப்போது முடிந்தது என்று அறிந்தவர் அவர் ஒருவரே.

முதலில் விசாரித்த நீதிபதி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். குழு மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. குழு ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டது.

இந்த வழக்கைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. விற்காத இசையைக் கொடுத்ததற்காக நிறுவனம் குழுமீது வழக்குத் தொடுத்தது என்பது அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, கலைஞர்களுக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. ஆனால் வழக்கின் மையம் கடிதம் போன நாளும் அதற்கான கெடுவும்தான். இசையின் தரம் அங்கே விசாரிக்கப்படவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்கு கலைக்கும் வணிகத்துக்குமான போர் என்று நம்பும் இளம் கலைஞர் தன் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கமாட்டார்.

தொடர்ந்தவை: பழைய பாடல்களின் வழக்கு

குழு போய்விட்டது. பழைய பதிவுகளின் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. 1990இல் அது 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்ற தொகுப்பை வெளியிட்டது. பிரிட்டனில் 3ஆம் இடம், விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. குழு நிறுவனத்தோடு இருந்த காலத்தில் வந்த எந்தத் தட்டும் அங்கே அந்த உயரத்தைத் தொட்டதில்லை. மறுவெளியீடாக வந்த 'இட்ஸ் மை லைஃப்' சிங்கிள் இந்த முறை 13ஆம் இடம் பிடித்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே நாடு கண்டுகொள்ளாமல் விட்ட பாட்டு அது.

தொகுப்பின் வெற்றியைக் கண்டு நிறுவனம் இன்னொரு அடி எடுத்துவைத்தது. 1991இல் பழைய பாடல்களை வேறு ஆட்களிடம் கொடுத்து நடனத்துக்கு ஏற்றபடி ரீமிக்ஸ் செய்து 'ஹிஸ்டரி ரீவிசிட்டட்' என்று வெளியிட்டது. குழுவிடம் அனுமதி கேட்கவில்லை. தங்கள் பெயரில், தாங்கள் வாசிக்காததைத் தாங்கள் வாசித்ததாக விற்கிறார்கள் என்று குழு வழக்குத் தொடுத்தது. இந்த முறை நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. மீதமிருந்த பிரதிகளைத் திரும்பப் பெற்று அழிக்க ஒப்புக்கொண்டது.

ஒரு சிறு வாசிப்பு சரியில்லை என்று நாடாவை அழித்துக்கொண்டிருந்த மனிதரிடம் போய், அதே பாடல்களுக்கு மேல் வேறொருவர் தட்டிய தாளத்தைக் கொடுத்தால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் காயம் பணத்தால் ஆறக்கூடியது என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசித் தட்டு

விடுதலையான குழு பாலிடார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. இதற்குள் பேஸ் கிதார் கலைஞர் விலகியிருந்தார். பாடகர், டிரம்ஸ் கலைஞர், தயாரிப்பாளர் மூவரும் 1990இல் அதே வெஸ்ஸெக்ஸ் கூடத்துக்கு, அதே ஒலிப்பதிவாளரோடு திரும்பினார்கள். இருட்டு இன்னும் கூடியது. கடிகாரங்களும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ ஐம்பது வாத்தியக்காரர்கள் வந்து வாசித்ததாகவும், தட்டில் மிஞ்சியவர்கள் பதினெட்டுப் பேர் என்றும் ஒலிப்பதிவாளர் சொல்லியிருக்கிறார்.

'லாஃபிங் ஸ்டாக்' 1991 செப்டம்பரில், ஜாஸ் இசைக்குப் பேர்போன வெர்வ் என்ற வெளியீட்டு முத்திரையில் வெளியானது. 26ஆம் இடம். முந்தையதைவிடக் கடினமானது, கரடுமுரடானது. என் கணக்கில் அதைவிட ஆழமானதும்கூட. முதல் பாடல் தொடங்குவதற்கு முன் சில நொடிகள் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. யாரோ ஒருவர் வாசிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அமைதி அது.

அத்தோடு குழு ஓய்ந்தது. பாடகர் 1998இல் தன் பெயரிலேயே ஒரு தட்டைக் கொடுத்தார். மின்வாத்தியம் இல்லாமல், காதருகே பேசுவதுபோன்ற குரலில் பாடப்பட்டது. பிறகு இசையுலகிலிருந்து ஒதுங்கினார். சுற்றுப்பயணம் போய்க்கொண்டே நல்ல தகப்பனாகவும் இருக்கத் தன்னால் முடியாது, ஆகவே குடும்பத்தைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். 2019 பிப்ரவரியில், 64ஆவது வயதில் மறைந்தார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அவரை மேடைக்கு அழைக்க விரும்பியவர்கள் குறைவில்லை. அவர் வரவில்லை.

விளைவு: செல்வாக்கு எங்கே போய்ச் சேர்ந்தது

1994இல் ஓர் ஆங்கில இசை விமர்சகர், பார்க் சைக்கோசிஸ் என்ற லண்டன் குழுவின் 'ஹெக்ஸ்' தட்டைப் பற்றி எழுதும்போது 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கிதார், டிரம்ஸ் போன்ற ராக் வாத்தியங்களை ராக் அல்லாத நோக்கத்துக்குப் பயன்படுத்தும் இசை என்பது அதன் பொருள். அந்தக் குழு டாக் டாக்கின் கடைசி இரண்டு தட்டுகளுக்கு நேரடியாகக் கடன்பட்டது. பின்னர் 2004இல் அதே குழுவின் அடுத்த தட்டில் டாக் டாக்கின் டிரம்ஸ் கலைஞரே வாசித்தார். இன்று போஸ்ட்-ராக் வரலாற்றை எழுதுபவர்கள் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 'லாஃபிங் ஸ்டாக்' இரண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். மான்செஸ்டர் பக்கத்து எல்போ குழுவின் பாடகர் தங்கள் இசைக்கு இவர்கள் எவ்வளவு முக்கியமானவர்கள் என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

செல்வாக்கு இன்னொரு வழியிலும் ஓடியது. 2002இல் போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகியோடு சேர்ந்து டாக் டாக்கின் பேஸ் கலைஞர் ரஸ்டின் மேன் என்ற பெயரில் 'அவுட் ஆஃப் சீசன்' தட்டை உருவாக்கினார். அதே பாடகி 2024இல் வெளியிட்ட 'லைவ்ஸ் அவுட்குரோன்' தட்டில் டாக் டாக்கின் டிரம்ஸ் கலைஞர் முக்கியப் பங்காற்றினார். அதைக் கேட்கும்போது வெஸ்ஸெக்ஸ் அறையில் ஒலித்த அதே தாளம், அதே அவசரமின்மை நினைவுக்கு வருகிறது.

முதல் காலப் பாடல்களும் சாகவில்லை. 2003இல் நோ டவுட் என்ற அமெரிக்கக் குழு 'இட்ஸ் மை லைஃப்' பாட்டைத் திரும்பப் பாடி, அங்கே முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுபோனது.

எதை மாற்றியிருக்கலாம்

முதலில் அந்த ஷரத்து. முடிவு என்பதற்குத் திருப்தி என்ற சொல்லை அளவுகோலாக வைக்கக் கூடாது. மூல நாடாவை ஒப்படைத்த தேதியை இரு தரப்பும் கையெழுத்திட்டுக் குறிக்க வேண்டும். மறுப்பு இருந்தால் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ள வேண்டும். இப்படி நான்கு வரி இருந்திருந்தால் இரண்டு நீதிமன்றங்கள் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அப்படித் தெளிவாக இருந்திருந்தால் நிறுவனம் கடிதத்தைக் காலத்தோடு அனுப்பியிருக்கும், குழு கட்டுண்டே இருந்திருக்கும், 'லாஃபிங் ஸ்டாக்' இந்த வடிவில் வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெளிவின்மை இந்த முறை கலைஞருக்கு உதவியது. அடுத்த முறையும் உதவும் என்று எவரும் அதை நம்பியிருக்க முடியாது. முதல் நீதிபதியின் தீர்ப்பே அதற்குச் சான்று.

அடுத்தது ரீமிக்ஸ். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்கியது. ஆனால் அந்த உரிமையைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. எனவே சட்டத்தை மட்டும் நம்பாமல், பழைய பதிவுகளை மாற்றியமைக்கக் கலைஞரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். முதல் ஒப்பந்தம் போடும் இருபது வயதுக் குழுவிடம் பேரம் பேசும் வலு இருக்காது. இரண்டாவது வெற்றிக்குப் பிறகு இருக்கும். 1986இல் இந்தக் குழுவின் கையில் அந்த வலு இருந்தது. அதை முழுவதும் கூடத்தின் நேரத்துக்கும் பணத்துக்குமே செலவிட்டார்கள். அதில் ஒரு பங்கைப் பழைய பாடல்களின் பாதுகாப்புக்குக் கேட்டிருக்கலாம்.

சாத்திய கதவைப் பற்றி எனக்கு இரு மனம். நிறுவனத்திலிருந்து ஒருவரையாவது, எதுவும் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு, மாதம் ஒருமுறை உள்ளே உட்காரவைத்திருந்தால் கடைசி நாள் அதிர்ச்சி குறைந்திருக்கும். நானாக இருந்தால் அப்படிச் செய்திருப்பேன். ஆனால் அந்த ஒருவர் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, நாள் முழுதும் வாசித்ததை அழிக்கும் துணிவு பாடகருக்கு வந்திருக்குமா என்று கேட்டால் என்னால் உறுதியாக ஆம் என்று சொல்ல முடியவில்லை.

மேடை ஏறாததையும் பாடலை மாற்ற மறுத்ததையும் நான் தொடமாட்டேன். வெஸ்ஸெக்ஸ் கூடம் 2003இல் மூடப்பட்டு, இப்போது அங்கே குடியிருப்புகள் இருக்கின்றன. அந்த ஆறு பாடல்களைக் குழு ஒருமுறைகூட மேடையில் வாசித்ததில்லை. தட்டு ஒன்றுதான் மிச்சம். அதை முதன்முறை கேட்கப்போகிறவர்கள் இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஒலியளவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, 41 நிமிடங்களை முழுதாக ஒதுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். தொடக்கத்தின் மௌனத்தில் கருவி பழுதோ என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம். டிரம்பெட் வரும்.